முதலாளி வேஷம்

கடைக் கதவின் கீழ் மூலை தரையில் இடிக்கும். கைப்பிடியைப் பிடித்து மேலே தூக்கி, முழங்காலால் ஒரு தட்டுத் தட்டினால்தான் திறக்கும். அன்று காலையும் அவர் தூக்கினார், தட்டினார், கதவு முனகிக்கொண்டே உள்ளே போனது. இரண்டு கைகளிலும் துணிப்பைகளோடு பின்னால் நின்ற மனைவி, தினமும் சொல்வதை அன்றும் சொன்னாள்.

"இருபது வருஷம் பெயிண்ட் கடை வச்சிருந்தவர். ஊர்ல இருக்கிற ஆசாரியெல்லாம் உங்க கடை வாசல்லதான் கிடந்தாங்க. ஒரு கதவை இழைச்சு விடத் தெரியாதா?"

"தெரியும். இழைக்க மாட்டேன்."

"ஏனாம்?"

"இந்தக் கதவைக் காட்டித்தான் வாடகையைக் குறைச்சேன். சரி பண்ணிட்டா கட்டடக்காரன் உடனே ஏத்திடுவான். இழுத்துத் திறக்கிற வரைக்கும் நமக்கு லாபம்."

விளக்கைப் போட்டு, இஸ்திரிப் பெட்டியைச் சூடாக வைத்துவிட்டு, அவள் திரைக்குப் பின்னாலிருந்த தையல் மெஷினின் உறையை எடுத்தாள். அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டதும் அவளுடைய குரலே மாறிவிடும்.

"முதலாளி ரெடியா?"

"கேளுங்க வாத்தியாரம்மா."

"ஜீன்ஸ் பேன்ட்டுக்கு எத்தனாம் நம்பர் ஊசி?"

"பதினாறு."

"லைனிங் துணியை வெட்டறதுக்கு முன்னாடி?"

"நனைச்சுக் காயப் போடணும். சுருங்குறதெல்லாம் முதல்லயே சுருங்கிடும்."

"பட்டுக்கு இஸ்திரி எத்தனையில வைக்கணும்?"

"மூணு."

"போச்சு. துணி கருகிப்போச்சு, கஸ்டமர் அழுதுட்டு நிக்கிறா, விசாரணைக்கு வந்த அதிகாரி பேனாவை மூடிட்டுக் கிளம்பியாச்சு. ரெண்டுங்க, ரெண்டு! எத்தனை தடவை?"

"ரெண்டுன்னு எனக்குத் தெரியும். காலையில நீ ஒரு தடவை கத்தினாத்தான் எனக்குக் கடை திறந்த மாதிரி இருக்கு."

சாம்பல் நிற ஜிப் தீர்ந்துபோயிருந்தது. மொத்தக் கடைக்குப் போய் வாங்கிவர அவர் கிளம்பினார். படியிறங்கும்போது கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றதை அவள் கண்ணாடி வழியே பார்த்தாள். ஒரு மாதமாகவே அப்படித்தான், நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது.

"டாக்டர்கிட்ட எப்போதான் போவீங்க?" என்று உள்ளிருந்தே கேட்டாள்.

"வீசா விசாரணை முடியட்டும். நான் அங்க போய் டோக்கன் போட்டு உக்காந்திருக்கிற நேரமாப் பார்த்து அவங்க இங்க வந்து நின்னா? முதலாளி எங்கேன்னு கேட்டா நீ என்ன சொல்லுவ?"

அவர் கதவைத் தூக்கிச் சாத்திவிட்டுப் போனார்.

ஜிப் கடையில் சாமான் வாங்கிப் பணமும் கொடுத்துவிட்டு, கொஞ்சம் உட்காரட்டுமா என்று கேட்டிருக்கிறார். முக்காலி போட்டிருக்கிறார்கள். தண்ணீர் கேட்டிருக்கிறார். தண்ணீர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தொலைபேசியில் அந்தக் கடைக்காரர் சொன்னதில் பாதிதான் அவளுக்குப் புரிந்தது. புரிந்த பாதி போதுமானதாக இருந்தது.

*

அவர்கள் அந்த நாட்டுக்கு வந்த கதையைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது பெயிண்ட் கடை அண்ணனுக்கு, ரொக்கம் தம்பியான அவருக்கு என்று முடிந்தது. வீடு மட்டும் பொது. அவளுக்குக் குழந்தை இல்லை. மாடிப்படிக்குக் கீழே ஒரு தையல் மெஷின் இருந்தது. வீட்டுப் பெண்களின் ரவிக்கை, பிள்ளைகளின் சீருடை, ஜன்னல் திரை, தலையணை உறை எல்லாம் அந்தப் படிக்குக் கீழே போய்த் தைக்கப்பட்டு வெளியே வரும். "அவளுக்கு என்ன, பொழுது போகணுமே" என்பாள் ஓரகத்தி. கூலி என்று ஒருவரும் பேசியதில்லை, கேட்க அவளுக்கும் வாய் வந்ததில்லை.

ஒருநாள் படிக்கட்டில் தலை இடிக்காமல் குனிந்து உள்ளே வந்த அவர் சொன்னார்: "உன் கை ஓடுற ஓட்டத்துக்கு ஒரு கடை வேணும். இந்த வீட்டுல இருந்தா ஆயுசு முழுக்க ஓசித் தையல்தான். போயிடலாம் வா."

"எங்க?"

"படிக்கட்டு இல்லாத இடமாப் பார்த்து."

வீசா ஏஜென்ட்டின் அறையில் குளிர் அதிகம். ஏஜென்ட் மேசைமேல் மூன்று விரல்களை நீட்டிப் பேசினார்.

"தொழில் செய்ய வர்றவங்களுக்கு மூணு வழி. ஒண்ணு, பெரிய தொகையைக் கொண்டுபோய் அந்த அரசாங்கக் கடன் பத்திரத்துல போட்டுட்டுக் கால் மேல கால் போட்டு உக்காந்துக்கலாம். ரெண்டு, நீங்களே ஒரு தொழிலை ஆரம்பிச்சு, அந்த ஊர் ஆள் ஒருத்தருக்காவது வேலை கொடுத்து, சில வருஷம் நடத்திக் காட்டணும். அப்புறம் நிரந்தரமா இருக்க அனுமதி கிடைக்கும். மூணு, இன்னொருத்தர் தொழில்ல பங்கு வாங்குறது."

"முதல் வழிக்கு நம்ம பை பத்தாது" என்றார் அவர். "மூணாவது வழியில அந்தப் பங்காளி எப்போ கம்பி நீட்டுவான்னு தெரியாது. ஊர்ல பங்காளிகளைப் பார்த்து அலுத்துத்தான் கிளம்புறேன். நடுவுல இருக்கிறதே போதும்."

தையல் கடை என்று முடிவானது. யார் பெயரில் விண்ணப்பிப்பது என்ற பேச்சு வந்தபோது, தைக்கப்போவது அவள்தானே, அவள் பெயரிலேயே போடுங்கள் என்று அவர்தான் முதலில் சொன்னார்.

ஏஜென்ட் அவள் பக்கம் திரும்பினார். "எத்தனை வருஷமாத் தைக்கிறீங்க?"

"பதினேழு வயசுலேர்ந்து."

"அதுக்கு வரி கட்டின ரசீது?"

"ஓசியில தச்சுக் கொடுத்ததுக்கு வரி வேற கட்டணுமா?"

ஏஜென்ட் சிரித்தார். "அப்போ உங்களுக்கு மார்க் சைபர். சார் இருபது வருஷம் கடை நடத்தியிருக்கார், எல்லாத்துக்கும் ஆதாரம் இருக்கு, மார்க் முழுசாக் கிடைக்கும். சார்தான் முதன்மை விண்ணப்பதாரர். நீங்க கூட வர்றவங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு ஞாபகம் வச்சுக்கங்க. முதன்மை விண்ணப்பதாரர்தான் தொழிலை நேரடியா நடத்தணும். உறுதிமொழி எழுதிக் கொடுக்கணும். கடைசி வருஷத்துல சொல்லாமக் கொள்ளாம வந்து பாப்பாங்க. சார்தான் நடத்துறார்னு அவங்களுக்குத் தெரியணும்."

அந்தக் கடைசி வாக்கியம்தான் அவர்கள் இருவரையும் பிடித்துக்கொண்டது. ஊசியில் நூல் கோக்கத் தெரியாத மனிதர் தையல் கடையை நேரடியாக நடத்துவதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டார். பெயிண்ட் கடையில் நிறம் ஒரு சொட்டு மாறினாலும் திறந்த டப்பாவைத் திரும்ப வாங்கிக்கொண்டவர். அந்தக் கையெழுத்து அவருக்குள் முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்தது. அதனால்தான் காலைப் பாடம். அதனால்தான் அவள் தைப்பது வெளியே தெரியாதபடி கடைக்கு நடுவில் அந்தத் திரை.

கோட்டுப் போட்டுக் கையில் கோப்போடு யார் தெருவைக் கடந்தாலும் அதிகாரியோ என்று இருவரும் எட்டிப் பார்ப்பார்கள். அவர் பாய்ந்து வந்து அவள் கழுத்திலிருந்த அளவு நாடாவை உருவித் தன் கழுத்தில் போட்டுக்கொள்வார். அவள் துடைப்பத்தை எடுத்துக்கொள்வாள். ஒருமுறை அப்படி ஒருவன் கோப்போடு உள்ளேயே வந்துவிட்டான். அவர் மெஷினில் உட்கார்ந்து ஒரு பேன்ட்டை வைத்துப் படபடவென்று ஓட்டினார். வந்தவன் மரியாதையாகக் காத்திருந்துவிட்டு, காப்பீடு எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டான். அவன் போன பிறகு பேன்ட்டை எடுத்துப் பார்த்தால் தையலே விழவில்லை. ஊசியில் நூல் இல்லை. அவள் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "காப்பீட்டுக்காரன் நம்பிட்டான் இல்ல?" என்றார். நம்பித்தான் இருந்தான். மறுவாரம் தன் கோட்டைக் கொண்டுவந்து, ஐயாவே கைப்படத் தைத்துத் தர வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனான்.

கடையில் வேலைக்கிருந்த உள்ளூர்ப் பெண்மணிக்கு வயது அறுபதைத் தொட்டிருக்கும். பொத்தான் தைப்பதும் துணிகளைக் கட்டிக் கொடுப்பதும் அவள் வேலை. அவர் அவளுக்குப் பொத்தானம்மா என்று பெயர் வைத்திருந்தார். அவளோ, மனைவி வாய்க்கு வாய் "முதலாளி, முதலாளி" என்று கேலி செய்வதைக் கேட்டு, அதுதான் அவருடைய பெயர் என்று எண்ணிக்கொண்டாள். வாடிக்கையாளர்களிடமும் அப்படியே சொல்லி வைத்தாள். தெருவில் போகும்போது உள்ளூர்க்காரர்கள் கையை உயர்த்தி "மிஸ்டர் முதலாளி!" என்பார்கள். அவரும் பெரிய மனிதர்போலத் தலையசைப்பார்.

*

எரியூட்டி முடித்து மூன்றாம் வாரம் அவள் கடையைத் திறந்தாள். கதவு வரவில்லை. தூக்குவதற்கு அவளுக்கு வலு போதவில்லை. பொத்தானம்மா வந்து பின்னாலிருந்து கைகொடுத்த பிறகே திறந்தது. மருத்துவமனையில் கொடுத்த உறையை அவள் கடைக்குள் வந்துதான் முதன்முறையாகப் பிரித்தாள். கைக்கடிகாரம், சாவி, சாம்பல் நிற ஜிப் ஒரு கட்டு. ஜிப்பை எடுத்து அலமாரியில் அதன் இடத்தில் வைத்தாள். அதைத்தான் முதலில் செய்யத் தோன்றியது.

வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் தன் கோட்டின் தோளைத் தடவிக் காட்டினார்.

"இந்தத் தோளைப் பிரிச்சுத் தச்சார் பாருங்க. என் வயசுக்கு எத்தனையோ தையல்காரங்களைப் பார்த்துட்டேன். இப்படி ஒரு கை கிடையாது."

அந்தத் தோளுக்கு அவளுக்கு இரண்டு சாயங்காலம் ஆகியிருந்தது. "ஆமாங்க, நல்ல கை" என்றாள்.

வந்தவர்கள் எல்லாரும் கையைப் பற்றித்தான் பேசினார்கள். அவர் கை, முதலாளியின் கை. கேட்கக் கேட்க அவளுக்கு ஒரு விசித்திரமான ஆறுதல் இருந்தது, தன் கைகளையே அவரோடு அனுப்பிவிட்டது போல.

அந்த நாட்டிலும் ஓர் அலுவலகம் வைத்துப் போய்வந்துகொண்டிருந்த ஏஜென்ட்டிடமிருந்து அழைப்பு வந்தது. துக்கம் விசாரித்து முடித்த கையோடு, "உங்களுக்கு இப்போ மூணு வழி இருக்கு" என்றார்.

"முன்னாடியும் மூணு வழிதான் சொன்னீங்க."

"என்ன பண்றது, அப்படித்தான் அமையுது. ஒண்ணு, ஊருக்குத் திரும்பிடலாம். கூட வந்தவங்களுக்குன்னு தனி அனுமதி கிடையாது, முதன்மை விண்ணப்பதாரரோட அதுவும் முடிஞ்சிடும். ரெண்டு, பெரிய தொகையைப் போட்டு உங்க பேர்ல புதுசா விண்ணப்பிக்கிறது."

"அது இல்லன்னு உங்களுக்கே தெரியும்."

"தெரியும். அதனால மூணாவது. முதன்மை விண்ணப்பதாரர் காலமாயிட்டா கணவனோ மனைவியோ அந்த இடத்துக்கு வரலாம்னு ஒரு விதி இருக்கு. ஆனா ஆரம்பத்துலேர்ந்தே தொழிலை நடத்தினது நீங்கதான்னு காட்டணும்."

"நான்தானே நடத்தினேன்!" அவள் குரல் உயர்ந்துவிட்டது. "ஒரு பொத்தான் காஜாகூட அவருக்குப் போடத் தெரியாது."

"அதைத்தான் சொல்லச் சொல்றேன். ஆனா ஒரு சிக்கல். அவர் நடத்துறதா உறுதிமொழி கொடுத்திருக்கார். நீங்க நடத்தினீங்கன்னா அது பொய்னு ஆகும். பொய்னு நீங்களே வாயால சொல்லணும்."

அவள் அலமாரியிலிருந்த ஜிப் கட்டை நேராக்கி வைத்தாள்.

"அம்மா, போனவர் மேல கேஸா போடப்போறாங்க? ஒரு வரி எழுதிக் கோப்பை மூடிடுவாங்க. இன்னொண்ணு, உங்க கஸ்டமர்ங்ககிட்ட சாட்சி கேட்டுப் பார்த்தேன். அத்தனை பேரும் முதலாளி மாதிரி தைக்க ஆளே இல்லன்னு சொல்றாங்க. வேஷத்தை நாம கொஞ்சம் அதிகமாவே நல்லாப் போட்டுட்டோம். இனிமே உங்க வாய்தான் சாட்சி."

யோசித்துச் சொல்கிறேன் என்றாள். அன்று மாலையே ஊரிலிருந்து கணவரின் அண்ணன் பேசினார். நல்லவர்தான்.

"தனியா அங்க என்னம்மா பண்ணுவ? வந்துடு. உன் மெஷினை யாரும் தொடலை, படிக்குக் கீழ அப்படியே இருக்கு. பிள்ளைங்க சீருடையெல்லாம் வெளிய கொடுத்துக் கட்டுப்படியாகலைன்னு உங்கக்கா சொல்லிட்டே இருக்கா."

போனை வைத்துவிட்டு அவள் கடையைச் சுற்றிப் பார்த்தாள். நிமிர்ந்து நின்று துணி வெட்டும் உயரத்தில் மேசை. தலைக்கு மேல் வெறும் கூரை. மறுநாள் ஏஜென்ட்டைக் கூப்பிட்டு மூன்றாவது வழி என்று சொன்னாள்.

ஏஜென்ட் கடைக்கே வந்து பாடம் எடுத்தார். "இதுல ஒண்ணும் கஷ்டமில்ல. எது கேட்டாலும் பதில் ஒண்ணுதான். 'நான்'. சொல்லுங்க பார்ப்போம். கடையை நடத்தினது யார்?"

"நான்."

"எல்லாத்தையும் முடிவு பண்ணினது?"

"நான்."

"அவர் என்ன பண்ணினார்?"

அவள் திரையைப் பார்த்தாள். "சும்மா நின்னார்."

திரைக்கு அந்தப் பக்கம் பொத்தானம்மாவின் கத்தரிக்கோல் கீழே விழுந்தது. எந்த மொழி என்றாலும் அவளுக்குச் சில விஷயங்கள் குரலிலேயே விளங்கிவிடும்.

*

மூன்று வருடம் அவர் காத்திருந்த அதிகாரி, அவர் போன பிறகு, மழை பெய்த ஒரு முற்பகலில் வந்தாள். கோட்டும் இல்லை, கோப்பும் இல்லை. நனைந்த குடையும் தோள்பையுமாக, சளி பிடித்த மூக்கோடு கதவைத் தள்ளிக்கொண்டு நின்றாள். துணி கொடுக்க வந்தவள் என்றே நினைத்தார்கள்.

"தூக்குங்க! தூக்கிட்டு முழங்காலால தட்டுங்க!" என்று உள்ளிருந்து சத்தம் போட்டாள் அவள்.

உள்ளே வந்தவள் அடையாள அட்டையைக் காட்டினாள். இவளுக்குக் கை பழக்கத்தில் தன் கழுத்து நாடாவுக்குப் போனது. உருவிக்கொண்டு போய்ப் போட்டுக்கொள்ள ஆள் இல்லை. நாடாவைப் பிடித்தபடியே நின்றாள்.

அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்து, இரங்கல் சொல்லி, மூக்கைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். ஊசி நம்பர், இஸ்திரிச் சூடு, துணி வகை எல்லாம் இவள் நாக்கு நுனியில் வரிசைகட்டி நின்றன.

"இங்க தைக்கிறது யாரு?"

"நான். எல்லாத்தையும் நான்தான். முதல் நாள்லேர்ந்து." சொல்லியாகிவிட்டது. அதிகாரியின் முகம் மாறும் என்று பார்த்தாள்.

அதிகாரி தலையசைத்து எழுதிக்கொண்டாள். அவ்வளவுதான்.

அவளால் பொறுக்க முடியவில்லை. "அப்படின்னா என் வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்தது பொய்தானே?"

"எது?"

"அவர்தான் நடத்துறார்னு எழுதிக் கொடுத்தாரே."

அதிகாரி நிமிர்ந்து பார்த்தாள். "தைக்கிறேன்னு அவர் எங்கயும் எழுதலையே. தொழிலை நடத்துறேன்னுதான் எழுதியிருக்கார். தையல் கடை வச்சிருக்கிறவங்களுக்குத் தைக்கத் தெரியணும்னு எங்க விதியில எதுவும் இல்ல. எத்தனையோ பேருக்குத் தெரியாது. நடத்துறதுன்னா முடிவு எடுக்கிறது. அதைத்தான் நான் கேட்கணும்."

தெருவில் ஒரு வண்டி தண்ணீரை வாரியடித்துக்கொண்டு போனது. அவள் மெதுவாக மெஷின் முன்னாலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"இந்தக் கதவு" என்றாள் அதிகாரி, "ஏன் இப்படியே விட்டு வச்சிருக்கீங்க?"

"வாடகைக்காக. சரி பண்ணினா கட்டடக்காரர் ஏத்திடுவார்."

அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது. "நல்ல யோசனை. வாடகை பேசினது யாரு?"

நான். அந்த ஒரு சொல் வாய்க்குள் தயாராகக் கிடந்தது. ஏஜென்ட் அதை மெருகேற்றி வைத்திருந்தார். ஆனால் அவள் கண்முன்னே அவர் வந்து நின்றார். மொழி பாதி தெரியாமல், கட்டடக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்து, கதவைத் தூக்கித் தூக்கிக் காட்டி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வலிப்பதுபோல் நடித்து, கடைசியில் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு வாடகையை முடித்த அந்தக் காட்சி. அவள் அன்று ஓரமாக நின்று வெட்கப்பட்டுக்கொண்டிருந்தாள்.

"அவர்" என்றாள்.

"இந்தத் தெருவைத் தேர்ந்தெடுத்தது?"

அதுவும் அவர்தான். மூன்று பேருந்துகள் நிற்கும் இடம், வேலைக்குப் போகிறவர்கள் காலையில் பேன்ட்டைக் கொடுத்துவிட்டு மாலையில் வாங்கிக்கொண்டு போவார்கள் என்று ஒரு வாரம் எதிரே நின்று பார்த்துவிட்டுச் சொன்னவர். "அவர்."

"விலையெல்லாம்?"

அவள் சுவரிலிருந்த விலைப்பலகையைப் பார்த்தாள். அவர் கையால் வண்ணம் தீட்டி எழுதியது. கடை திறந்த புதிதில் வந்தவர்களிடம் பரிதாபப்பட்டு அவள் பாதிக் காசுக்கும் சும்மாவும் தைத்துக் கொடுத்தாள். "மறுபடியும் படிக்குக் கீழ போயிட்டியா?" என்று அவர் கோபப்பட்டார். மூன்று வருடத்தில் அவர் கோபப்பட்டது அந்த ஒரே விஷயத்துக்குத்தான். மறுநாள் பலகை மாட்டினார். கேட்கிறவர்களைத் தன்னிடம் அனுப்பச் சொன்னார். அவள் தைத்தாள். கறார் எல்லாம் அவர் பாடு.

"அவர்தான்."

"இந்த அம்மாவை வேலைக்கு எடுத்தது?"

நேர்காணலுக்கு வந்தவர்களில் கீழே சிந்திக் கிடந்த குண்டூசிகளைப் பொறுக்கி மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தது பொத்தானம்மா மட்டும்தான். அதற்காகவே எடுத்தார். குண்டூசிகளைச் சிந்தி வைத்ததும் அவரேதான் என்று பிறகு சொல்லிச் சிரித்தார். திரைக்குப் பின்னால் பொத்தானம்மா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அவர்" என்றாள். இப்போது அவளுக்கே கேள்விகள் வேண்டியிருந்தன. கேட்கக் கேட்க அவர் கடைக்குள் நடமாடத் தொடங்கினார். வேஷம் வேஷம் என்று இரண்டு பேரும் நடுங்கிக்கொண்டு செய்ததெல்லாம் காலைப் பத்து நிமிடம்தான். மீதி நாள் முழுவதும் அந்த மனிதர் இந்தக் கடையை நடத்திக்கொண்டிருந்தார். அவருக்கும் அது தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. ஊசி பிடிக்கிற கைதான் கடை என்று இருவரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். சொல்லாத பொய்க்குப் பயந்து அவர் டாக்டரிடம் போகவில்லை.

அதிகாரி பேனாவை வைத்தாள். "நான் ஒண்ணு சொல்லலாமா? நீங்க சொல்றதையெல்லாம் அப்படியே எழுதினா, நடத்தினது அவர், நீங்க இங்க வேலை பார்த்தவங்கன்னு ஆகும். அவர் இடத்துக்கு நீங்க வர முடியாது. உங்க ஏஜென்ட் சொல்லியிருப்பாரே?"

"சொன்னார்."

"ஏதாவது ஒரு முடிவு, நீங்களா எடுத்தது இருந்தாச் சொல்லுங்க. நான் காத்திருக்கேன்."

இரக்கத்தோடுதான் கேட்டாள். இவள் இஸ்திரிப் பெட்டியைப் பார்த்தாள், சாம்பல் நிற ஜிப் கட்டைப் பார்த்தாள், தலைக்கு மேலிருந்த கூரையைப் பார்த்தாள். ஒரே ஒரு "நான்" போதும், இந்தக் கூரை நிற்கும். மூன்று வருடம் தன்னைப் பொய்யன் என்று நினைத்துக்கொண்டே படியேறி இறங்கியவர். இப்போதுதான் அவர் பொய்யன் இல்லை என்று ஆகியிருக்கிறது. அதைக் கேட்க அவர் இல்லை. கேட்டவள் அவள் ஒருத்தி.

"அவர் நடத்தினார்" என்றாள். "நான் தச்சேன். எழுதிக்கங்க."

அதிகாரி எழுதினாள். போகும்போது கதவைத் தானே தூக்கித் திறந்தாள். ஒரே தடவையில் பழகிவிட்டிருந்தது.

*

"ஒரே ஒரு வார்த்தை!" ஏஜென்ட் தலையில் அடித்துக்கொண்டார். "ரெண்டு எழுத்து. அதைச் சொல்ல முடியலையா உங்களால?"

"முடியலைங்க."

"பாடமெல்லாம் எடுத்தேனே?"

"நானும் அவருக்கு மூணு வருஷம் பாடம் எடுத்தேன். கடைசி வரைக்கும் பட்டுக்கு மூணுன்னுதான் சொன்னார்."

ஏஜென்ட் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். பிறகு தன் கட்டணத்தில் மீதியை வாங்கிக்கொள்ளாமலே போய்விட்டார்.

கடையைப் பொத்தானம்மா எடுத்துக்கொண்டாள். தைக்க அவளுடைய தங்கை மகள் வருவாள் என்றாள். விலைப்பலகையைக் கழற்றட்டுமா என்று இவள் கேட்டபோது பொத்தானம்மா பலகைக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஊரில் படிக்குக் கீழே மெஷின் அப்படியே இருந்தது. எண்ணெய் விட்டுத் துடைத்ததும் ஓடியது. வந்த மறுவாரமே ஓரகத்தி சீருடைத் துணியோடு வந்தாள். கூடவே பக்கத்து வீட்டுப் பெண்ணின் துணியும் இருந்தது. "அவங்களும் கேட்டாங்க. நீ எப்படியும் தைக்கத்தானே போற, சேர்த்தே தச்சுடு."

வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். விலைப்பலகையில் இருந்த ஒவ்வொரு வரியும் மனப்பாடம். சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தாள். அந்த இடத்தில் பேச வேண்டியவர் வேறு ஆள்.

"எப்போ வேணும்?" என்று மட்டும் கேட்டாள்.

பொத்தானம்மா அவ்வப்போது தொலைபேசியில் பேசுவாள். பேருந்து ஓட்டுநர் கேட்டதாகச் சொல்வாள். தங்கை மகளுக்குத் தோள் தைக்க வரவில்லை என்பாள். ஒருநாள் கட்டடக்காரர் வந்துபோனதைச் சொன்னாள்.

"தச்சனைக் கையோட கூட்டிட்டு வந்துட்டார். கதவைச் சும்மாவே சரி பண்ணித் தர்றேன்னார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வேண்டவே வேண்டாம்னுட்டேன். சரி பண்ணினா வாடகையை ஏத்துவான்னு முதலாளி சொல்லுவாரே."

அவள் போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றிக்கொண்டாள். "அப்போ கதவு?"

"இன்னும் தூக்கித்தான் திறக்கணும்" என்றாள் பொத்தானம்மா.